சேனை வைக்க ஒரு பெரிய ஆள்

ஓடையம்மாவின் குடிலில் நாள் தவறாமல் நடந்த ஒரே பூசை, சென்னியப்பன் வாத்தியாருக்கும் அத்தப்பனுக்கும் நடந்த சண்டைதான்.

அமராவதி ஆற்றுக்கு ஒரு கல் தள்ளி, ஓடைக்கரையில் மூன்று ஓட்டு வீடுகள். அதுதான் குடில். ஓடையம்மாவுக்கு ஐம்பது வயது. நூற்பாலையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவர். உபதேசம் செய்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களை எழுந்து போகச் சொல்லவில்லை. அப்படியே குருவாகிவிட்டார்.

வாத்தியார் குருவைவிடப் பதினாறு வயது மூத்த சீடர். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவர். மனைவி போன பிறகு, ஒரு பெட்டி நிறையப் புத்தகத்தோடு இங்கே வந்து சேர்ந்தார். உலகத்தின் போக்கையே மாற்றிய நூறு பேரைப் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்துவது அவர் வேலை. தொண்ணூற்றொன்பது பேர் அமைந்துவிட்டார்கள். முதல் இடம் மட்டும் நாலு வருஷமாகக் காலி.

அத்தப்பன் பஸ் ஓட்டியவர். எதிர்க்கட்சி.

"அச்சு எந்திரம் செஞ்சவரைத்தான் மொதல்ல வெக்கோணும்" என்றார் வாத்தியார் அன்று. "அவரு இல்லீன்னா படிப்பு ஏது?"

"போன வாரம் அம்மைக்கு ஊசி கண்டுபுடிச்சவருன்னீங்க."

"யோசிச்சுப் பார்த்தேன். படிப்பு இல்லீன்னா ஊசி ஏது?"

"சோறு இல்லீன்னா படிப்பு ஏதுங்க? மொதமொதல்ல நெல்லைக் குத்தி ஒலையில போட்டது ஆரு? அந்தம்மாளை எந்த எடத்துல வெச்சிருக்கீங்க?"

"பேரே தெரியாத ஆளை எப்படிய்யா வரிசையில வெக்கறது?"

"பேரு தெரியாததுக்கு அந்தம்மா என்ன பண்ணும்? நீங்கதான் விசாரிச்சிருக்கோணும்."

வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓடையம்மாவிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. உலகத்தை ரொம்ப மாத்தினது ஆரு? மொதல் எடம் காலியாவே கெடக்குது."

"கெடக்கட்டுமுங்க வாத்தியாரே. ஆராச்சும் வந்தா உக்கார எடம் வேணுமில்ல."

அத்தப்பன் சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு சின்ன லாரி குடில் வாசலில் வந்து நின்றது. ஹாலோ பிளாக் கல் ஏற்றுகிற லாரி. சிமெண்டுத் தூசி படிந்த சட்டையோடு இறங்கி வந்த ஆள், வாத்தியாரைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். வாத்தியாரின் மருமகன் நாகமாணிக்கம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மாமனாரைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் வாத்தியார்.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க மாமா. அஞ்சு நாளாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டியாந்தோம்."

வாத்தியார் பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷமாக இல்லாத குழந்தை.

"ஆஸ்பத்திரியில நர்ஸம்மா வாயில ஒண்ணும் வெக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிப்போட்டாங்க. அதனால இன்னும் சேனை வெக்கலீங்க. ஒதட்டுல ஒரு பொட்டு தொட்டு வெச்சாப் போதும்னு மங்கை சொல்றா." நாகமாணிக்கம் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டார். "நீங்கதான் வந்து வெக்கோணுமாமுங்க."

"நானா?"

"உங்களைத்தானுங்க. வேற ஆரையும் அவ சொல்லலை. ஒண்ணு சொல்லிடறேனுங்க மாமா. இந்தத் தடவை நீங்க வல்லீன்னா இனி அவ கூப்பிட மாட்டா. அவளைப் பத்தி நாஞ்சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை."

சேனை என்று பிறந்த குழந்தையின் வாயில் முதல் சொட்டு இனிப்பை யார் தொட்டு வைக்கிறாரோ, அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். நல்லவராக, நாலு பேர் மதிக்கிறவராகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். இது சுத்த மூடநம்பிக்கை என்று முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் வாத்தியார். இப்போது அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அத்தப்பன்தான் முதலில் பேசினார். "ஏனுங்க வாத்தியாரே, நின்னுட்டே இருக்கறீங்க? சட்டையை மாத்துங்க. அப்புச்சி ஆயிட்டீங்க!"

"நான் போயி வெக்கறதா? நான் என்ன பெரிய ஆளா?"

"உங்களைத்தானய்யா புள்ள கூப்புட்டிருக்குது."

"அது மரியாதைக்குக் கூப்புட்டிருக்கும். நாமதான் யோசிக்கோணும். ஏழு வருசம் கழிச்சுப் பொறந்த கொழந்தை. அதுக்கு மொதல் சொட்டு வெக்கறவரு எப்படிப்பட்டவரா இருக்கோணும்? என்ற நோட்டுல இருக்கற ஆளுக மாதிரி இருக்கோணும்."

"உங்க நோட்டுல இருக்கறவங்க அத்தனை பேரும் செத்துப்போயிட்டாங்களே!"

அதை வாத்தியார் யோசித்துப் பார்த்தார். பிறகு நேராக ஓடையம்மாவிடம் போனார். அடுப்படியில் இருந்தவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். பாவம், அந்த நேரத்தில் அவருக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

"அம்மா, நீங்க வந்து வெக்கோணும்."

"உங்களைக் கூப்புட்டாங்கன்னுல்ல காதுல விழுந்துச்சு."

"உயிரோட இருக்கறவங்கள்ல எனக்குத் தெரிஞ்ச பெரிய மனுசி நீங்கதான். மாட்டேன்னு சொல்லிப்போடாதீங்க."

ஓடையம்மா அடுப்பைத் தணித்தார். வாத்தியாருக்கு எதிரே அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார். வாசற்படியில் நாகமாணிக்கம் நின்றிருந்தார்.

"உங்க மகளுக்குச் சேனை வெச்சது ஆருங்க?"

வாத்தியாரின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அன்னிக்கு இந்த ஜில்லாவுலயே பேரு போன பேச்சாளர் ஒருத்தருங்க. அவரு பேசினா கூட்டம் ஆடாம அசையாமக் கேக்கும். காரு வெச்சுக் கூட்டியாந்தேன். வழியில ஏதோ கூட்டமாம். நாலு மணி நேரம் தாமதமாயிப்போச்சு."

"அதுவரைக்கும் கொழந்தை?"

"அழுதுச்சுங்க. அவங்கம்மா பால் குடுக்கறேன்னு கெஞ்சினா. சேனை வெச்சுட்டுத்தான் குடுக்கோணும்னு நான் விடலை." குரல் இறங்கியது. "அவரு வந்தாரு. ஒரு சொட்டு வெச்சாரு. போட்டோ எடுத்தோம். அஞ்சு நிமிசத்துல போயிட்டாரு."

"நாலு மணி நேரம் அழுத புள்ளைய ஆரு வெச்சிருந்தாங்க?"

"நாந்தானுங்க. தோள்ல போட்டுட்டு வாசலுக்கும் கெணத்துக்கும் நடந்துட்டே இருந்தேன். ஏதாச்சும் பேசிட்டிருந்தா அழுகை நிக்கும். எனக்கு என்ன தெரியும்? பானிப்பட்டுச் சண்டையெல்லாம் சொன்னேன். மூணு சண்டையும் முடிஞ்சு போச்சு, காரு வல்லை."

ஓடையம்மா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "சரி. அந்தப் பேச்சாளர் கொணம் உங்க மகளுக்கு வந்துச்சுங்களா?"

வாத்தியார் யோசித்தார். "மேடையில ஏறினா அவளுக்குக் கால் நடுங்குமுங்க."

"அப்ப ஆரு கொணந்தான் வந்துச்சு?"

வாசற்படியிலிருந்து நாகமாணிக்கம்தான் பதில் சொன்னார்.

"மாமா கொணந்தானுங்கம்மா. அதே கோவம், அதே புடிவாதம். கறி வாங்கப் போனாலும் கடைக்காரனுக்குச் சரித்திரம் சொல்லிட்டுத்தான் வருவா. எனக்கு ஏழு வருசமா மாமாவோட குடித்தனம் பண்ற மாதிரித்தான் இருக்குது."

சொன்ன பிறகு, அதிகம் பேசிவிட்டோமோ என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியாருக்கோ கண் கலங்கிவிட்டது.

"அந்தக் கோவத்துலதானுங்கம்மா எல்லாம் கெட்டுது" என்றார். "அவ சரித்திரத்துல மொதல் மார்க்கு வாங்கினவ. மேல படிக்கோணும், புஸ்தகம் எழுதோணும்னு நான் கனாக் கண்டேன். அவ இவரைக் கட்டிக்கறேன்னா. கல்யாணத்துக்கு மொத நாளு சொன்னேன். உன்ற பேரு எந்தப் புஸ்தகத்துலயும் ஒரு வரிகூட வராது, நீ பொறந்ததுக்கு ஒரு அடையாளமும் இருக்காதுன்னு. சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாலயும் சொன்னேன். பெத்த அப்பன் சொல்ற பேச்சாங்க அது?"

ஓடையம்மா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அவங்கம்மா செத்தன்னிக்கு வந்தா. தலைமாட்டுல நின்னா. என்ற மூஞ்சியைப் பார்க்காமயே போயிட்டா. அதுல இருந்து, பெரிய மனுசங்க ஆருன்னு எழுதிட்டே இருக்கறேன். எனக்கும் வேற வேலை இல்லை." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை தப்புப் பண்ண மாட்டேனுங்க. நீங்க வாங்க."

"ஒரு சொட்டுத் தண்ணியில ஒருத்தரு கொணம் இன்னொருத்தருக்குப் போயிருமுங்களா வாத்தியாரே?"

"எனக்குத் தெரியலீங்கம்மா."

"எனக்கும் தெரியாதுங்க" என்று ஓடையம்மா எழுந்தார். "சரி, கெளம்புங்க. வர்றேன்."

லாரியில் முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். அத்தப்பன் பின்னால் கல்லோடு கல்லாக உட்கார்ந்துகொண்டார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, வாத்தியார் புதுத் துணியும் ஒரு கிலுகிலுப்பையும் வாங்கினார். கடைக்காரர் பை கொடுத்தும் வாங்கவில்லை. கிலுகிலுப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். லாரி குலுங்கும்போதெல்லாம் அது சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் திடுக்கிட்டு அதை இறுக்கிப் பிடித்தார்.

கல்பட்டறைக்குப் பின்னால் சின்ன வீடு. உள்ளே கட்டிலில் மங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் சீனி கரைத்த தண்ணீர் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் தயாராக இருந்தது.

"வாங்கப்பா" என்றாள்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு வார்த்தை. வாத்தியார் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் வாத்தியார்களுக்குச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"அம்மாவைக் கூட்டியாந்திருக்கறேன் கண்ணு. ஓடையம்மா. ரொம்பப் பெரியவங்க. சேனை அவங்கதான் வெக்கப் போறாங்க."

மங்கையின் முகம் மாறியது. ஓடையம்மாவைக் கும்பிட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நான் உங்களைத்தானப்பா வரச் சொன்னேன். ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லலியே."

"இல்ல கண்ணு, கொழந்தைக்கு நல்லது…"

"எனக்கு ஒரு பெரிய ஆளைக் கூட்டியாந்தீங்க. இவளுக்கும் ஒரு பெரிய ஆளா? என்னிக்குமே உங்களுக்கு நாங்க மட்டும் போதாதுங்களா?"

குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். நாகமாணிக்கம் அடுப்படிக்குள் போய்விட்டார். அத்தப்பன் வாசலிலேயே நின்றுகொண்டார். வாத்தியாரின் கையில் இருந்த கிலுகிலுப்பை தானாகச் சத்தம் போட்டது.

ஓடையம்மா ஒருவர்தான் ஒன்றும் நடக்காதது போல முக்காலி பக்கத்தில் போனார்.

"கோவிச்சுக்காத கண்ணு" என்றார் மங்கையிடம். "அத்தனை தூரம் வந்து கூப்புட்டாரு. வந்தேன். வந்த காரியத்தை முடிச்சுட்டுப் போயிடறேன்."

மங்கை திரும்பவில்லை.

ஓடையம்மா கிண்ணத்தைக் கையில் எடுத்தார். மோதிர விரலைச் சீனித் தண்ணீரில் நனைத்தார். பிறகு வாத்தியாரிடம் வந்தார்.

"வாயைத் தொறங்க."

"அம்மா?"

"தொறங்கன்னா தொறங்க."

பழக்கமில்லாத அதட்டல். வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல வாயைத் திறந்துவிட்டார். ஓடையம்மா அவர் நாக்கில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தார்.

"நீங்க கேட்டதைச் செஞ்சுட்டேன். எங்கிட்ட என்ன நல்ல கொணம் இருக்குதோ அது உங்களுக்கு வந்துருச்சு. இனி நீங்க போயி வெய்யுங்க." கிண்ணத்தை அவரிடம் கொடுத்தார்.

வாசலில் அத்தப்பன் சத்தமாகச் சிரித்துவிட்டார். அடுப்படியிலிருந்து நாகமாணிக்கம் எட்டிப் பார்த்தார். மங்கை திரும்பினாள். அறுபத்தாறு வயதில் நாக்கில் சேனையோடு விழித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்ததும், எவ்வளவு அடக்கியும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு குழந்தையை அவர் பக்கமாக நீட்டினாள்.

வாத்தியார் கிலுகிலுப்பையைக் கட்டிலில் வைத்தார். கிண்ணத்தில் விரலை நனைத்தார். குழந்தையின் உதடு வரைக்கும் கொண்டு போனார். அங்கே விரல் நின்றுவிட்டது.

"என்னுங்க?" என்றார் ஓடையம்மா.

"வேண்டாமுங்கம்மா." விரலை இழுத்துக்கொண்டார். "நீங்க வெச்ச ஒரு சொட்டு எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? இந்த நாக்கு நல்ல நாக்கு இல்லீங்க. இது இவங்கம்மாளை என்ன சொல்லுச்சுன்னு உங்களுக்கே தெரியும். என்ற கொணம் இந்தப் புள்ளைக்கு வேண்டாமுங்க."

குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

"உங்களை எனக்கு நாலு வருசமாத் தெரியுமுங்க" என்றார் ஓடையம்மா. "அதுல பாதிதான் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அத்தப்பனுக்கு உங்க சண்டை மட்டுந்தான் தெரியும். உங்க கொணத்தை முழுசாத் தெரிஞ்சவங்க இந்த ஒலகத்துல ஆருங்க வாத்தியாரே?"

வாத்தியார் மகளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவதானுங்கம்மா."

"அவதானுங்க கேட்டிருக்கறா."

வாத்தியார் மறுபடியும் கிண்ணத்தில் விரலை நனைத்தார். மங்கை குழந்தையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டினாள்.